மூக்கில் டியூபோடு வீட்டுக்கு வந்தவருக்கு: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கொளத்தூரில் வீடு. மாமனாருக்கு 74 வயது, சர்க்கரை உண்டு, பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழுங்க முடியாததால் மூக்கு வழியாக வயிற்றுவரை போகிற ரைல்ஸ் டியூப் போட்டு டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். வந்ததிலிருந்து இரண்டு தடவை அவரே பிடுங்கிவிட்டார். பகலில் அட்டெண்டர் அம்மா ஒருவர் வருகிறார், ராத்திரி மருமகளான நீங்கள்தான். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் "டியூப் போட்டுட்டாங்களா, அப்ப அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். டியூப் ஆபத்தா, எடுத்துவிட்டு வாயிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி ஊட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் வார்டிலும் ஐசியூவிலும் நர்ஸாக இருந்தவள், இப்போது வீடுகளுக்குப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கிறேன். என் பதில், எடுக்காதீர்கள். முழுங்கும் சக்தி திரும்பியிருக்கிறதா என்று ஒருவர் முறையாகப் பரிசோதித்துச் சொல்லும்வரை வாயில் கஞ்சி வேண்டாம், ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட வேண்டாம். ஆபத்து டியூப் இருப்பதில் இல்லை. டியூபின் நுனி இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சிரிஞ்சைக் கையில் எடுப்பதில்தான் இருக்கிறது. மற்ற எல்லாத் தொந்தரவும் அதற்கு அப்புறம்தான்.

அந்தச் சொந்தக்காரர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுவோம். இந்த டியூப் கடைசிக் கட்டத்தில் மட்டும் போடுகிற பொருள் இல்லை. ஆஸ்பத்திரியில் இதற்கு இரண்டு வேலை உண்டு, உள்ளே அனுப்புவது ஒன்று, வெளியே எடுப்பது ஒன்று. குடல் அடைப்பு வந்து வயிறு உப்பி வாந்தி எடுக்கிறவருக்குப் போட்டால் தேங்கியது வெளியே வந்து, அரை மணி நேரத்தில் மனிதர் மூச்சு விட்டுப் படுப்பார். விஷம் குடித்து உடனே வந்தவர்களில் சிலருக்கு வயிறு கழுவுவார்கள், அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் என்றால்தான் பெரிதாகப் பலன். (ஆசிட், மண்ணெண்ணெய் குடித்தவர்களுக்கு வயிறு கழுவக் கூடாது, "கழுவி விடுங்க சார்" என்று கேசுவால்டியில் சண்டை போடுகிற சொந்தங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.) 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைக்குச் சப்பி, முழுங்கி, மூச்சு விடுவதை ஒன்றாகச் செய்ய வராது, அதற்கும் மெல்லிய டியூப்தான். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கிறவர்கள் மூக்கில் டியூபோடு அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி பக்கம் பஸ் ஏறிப் போவதை நீங்களே கவனித்திருக்கலாம். ஒரு காலத்தில் வயிற்று ஆபரேஷன் என்றாலே எல்லோருக்கும் போடுவார்கள், அதனால் லாபம் இல்லை என்று தெரிந்து இப்போது அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. பக்கவாதத்தில் போடுவது பெரும்பாலும் தற்காலிகம்தான், முதல் சில வாரங்களிலேயே முழுங்குவது திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

வரலாறு ஒரு வரி. 1790 வாக்கில் ஜான் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் விலாங்கு மீனின் தோலைக் குழாயாக்கி, முழுங்க முடியாத ஒருவருக்கு அதன் வழியாக உணவு கொடுத்தார். நம் வார்டுகளில் "ஆர்டி" என்று சொல்கிற குழாய்க்கு 1921ல் அதை விவரித்து எழுதிய ஜான் ரைல் பெயர். 105 சென்டிமீட்டர் நீளம், நுனியில் சின்ன உலோகக் குண்டுகள், எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு கோடு, வெளிப்பக்கம் அளவுக் குறிகள். இந்தக் குறிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இனிமேல் பேசப்போவது பாதி அவற்றைப் பற்றித்தான்.

போடும்போது மூக்கு நுனியிலிருந்து காது மடலுக்கும், அங்கிருந்து மார்பெலும்பு முடிகிற இடத்துக்கும் டியூபை வைத்து அளப்பார்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 50 முதல் 60 சென்டிமீட்டர் வரும். மாமாவின் மூக்குத் துவாரத்துக்கு நேராக டியூபில் எந்த அளவு நிற்கிறது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. அடுத்த தடவை மாற்றும்போது கேட்டு வாங்கி, அந்த இடத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். கோடு மூக்குக்கு வெளியே நகர்ந்து வந்திருந்தால் நுனி வயிற்றிலிருந்து மேலே ஏறி உணவுக்குழாயில் நிற்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், அந்த நிலையில் கொடுக்கிற கஞ்சி தொண்டைக்கு வந்து நுரையீரலுக்கு இறங்கும். அப்போது டியூபை நீங்களே உள்ளே தள்ளிவிடக் கூடாது. கஞ்சியும் கொடுக்கக் கூடாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டியூப் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுவது உண்டு, அதுவும் பக்கவாதம் வந்தவர்களுக்கு. நல்ல நினைவோடு இருக்கிறவருக்கு அப்படிப் போனால் இருமித் தள்ளிவிடுவார். தொண்டை மரத்துப்போனவர் இருமவே மாட்டார், டியூப் நுரையீரலில் இருக்கும்போதே அமைதியாகப் படுத்திருப்பார். "இருமல் வரலியே, சரியாத்தான் இருக்கு" என்று அட்டெண்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஊரில் இன்னமும் பெரும்பாலான இடங்களில் செய்வது, சிரிஞ்சால் காற்றை அடித்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து "புஸ்" என்ற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது. இதை நம்ப முடியாது. நுனி நுரையீரலில் இருந்தாலும், உணவுக்குழாயில் பாதியில் நின்றாலும், சத்தம் வயிற்றுப் பக்கம் கேட்கும். பிரிட்டனில் இதை நம்பி உணவு கொடுத்து உயிர்கள் போன பிறகு, இந்த முறையை நிறுத்தச் சொல்லி 2005ல் தேசிய எச்சரிக்கையே விட்டார்கள். தப்பான இடத்தில் இருக்கும் டியூபைக் கவனிக்காமல் உணவு கொடுப்பதை அங்கே, ஒருபோதும் நடக்கக் கூடாத தவறுகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். டியூபின் வெளி முனையைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா பார்ப்பதும் அதே கதைதான்.

சரி, எதை நம்புவது? டியூப் புதிதாகப் போட்டவுடன் எக்ஸ்ரே எடுத்து, அதைப் படிக்கத் தெரிந்தவர் பார்த்துச் சொல்வதுதான் உறுதியானது. வீட்டிலேயே வந்து மாற்றிவிட்டுப் போகிறவர்கள் "எக்ஸ்ரே எல்லாம் எதுக்கு மேடம்" என்பார்கள். அப்படியானால் சிரிஞ்சால் வயிற்று நீரை மெதுவாக இழுத்து, பிஎச் ஸ்ட்ரிப்பில் (அமில அளவை எண்ணாகக் காட்டுகிற காகிதம்) ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள், 5.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் வயிற்று அமிலம். லிட்மஸ் காகிதம் இதற்குப் போதாது. ஒரு சிக்கல், மாமாவுக்கு பான்டோபிரசோல் போல அமிலத்தைக் குறைக்கிற மருந்து ஓடிக்கொண்டிருந்தால் சரியான இடத்திலேயே இருந்தும் 6க்கு மேல் காட்டலாம், கஞ்சி கொடுத்த சூட்டில் பார்த்தாலும் அப்படித்தான். அதனால் கடைசி வேளைக்கு அப்புறம் ஒரு மணி நேரமாவது விட்டுப் பார்க்க வேண்டும், அப்போதும் சந்தேகம் என்றால் எக்ஸ்ரேதான். தினசரி ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியவை: கோடு அதே இடத்தில் இருக்கிறதா, வாயைத் திறந்து டார்ச் அடித்தால் தொண்டையில் டியூப் சுருண்டு கிடக்கிறதா, இழுத்தால் வயிற்று நீர் வருகிறதா, மூச்சு எப்போதும்போல இருக்கிறதா. ஒன்றும் வரவில்லை என்றால் இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து 15, 20 நிமிடம் கழித்து மறுபடி இழுங்கள். அப்போதும் வரவில்லை என்றாலோ, கோடு நகர்ந்திருந்தாலோ அந்த வேளையை விட்டுவிட்டு நர்ஸையோ டாக்டரையோ கூப்பிடுங்கள். ஒரு வேளை கஞ்சி போகாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

ஆனால் சர்க்கரைக்காரருக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது, இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. காலையில் வழக்கம்போல இன்சுலின் போட்டுவிடுகிறீர்கள், அப்புறம் கஞ்சி கொடுக்கப் போனால் டியூப் கையோடு வந்து கிடக்கிறது. உள்ளே இன்சுலின் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, உணவு போக வழி இல்லை, முழுங்க முடியாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றவும் முடியாது. அதனால் வரிசை எப்போதும் இப்படி இருக்கட்டும்: முதலில் டியூபைச் சரிபார்ப்பது, அப்புறம் குளுக்கோமீட்டர், அப்புறம் இன்சுலின், உடனே உணவு. இன்சுலின் போட்ட பிறகு டியூப் வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள், டாக்டருக்குப் போன் போடுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பாருங்கள், 70க்குக் கீழே போனாலோ வியர்த்து மயங்கினாலோ 108தான்.

பிடுங்குவதைப் பற்றி. அவர் வேண்டுமென்றே செய்யவில்லை, மூக்கு அரிக்கிறது, டேப் இழுக்கிறது, மலச்சிக்கலாக இருக்கலாம், ராத்திரியில் குழப்பம் கூடலாம். கையைக் கட்டிலில் கட்டிவைக்கிற வீடுகளைப் பார்க்கிறேன், அதில் குழப்பமும் ஆத்திரமும் கூடும், மணிக்கட்டுத் தோலும் போகும். முதலில் டேப்பைப் பாருங்கள். சென்னை வியர்வையில் மைக்ரோபோர் மதியத்துக்குள் கழன்று தொங்க ஆரம்பித்துவிடும், தொங்கினால் அவர் கை தானாக அங்கே போகும். தினம் ஒரு தடவை பழைய டேப்பை எடுத்து, மூக்கைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் நன்றாகக் காயவிட்டு, விரல் நீளத் துண்டை ஒரு பக்கம் பாதிவரை இரண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கிழிக்காத பாதி மூக்கின் மேல், கிழித்த இரண்டு வாலையும் எதிரெதிராக டியூபைச் சுற்றி ஒட்டுங்கள். டியூப் மூக்கின் ஓரத்தை அழுத்தக் கூடாது, நேராகக் கீழே இறங்க வேண்டும், அழுத்தினால் சில நாளில் அங்கே புண் வந்துவிடும். மீதி டியூபைக் கன்னத்தில் இன்னொரு டேப் போட்டுக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுங்கள், கண்ணுக்குத் தெரியாதது கைக்கும் தெரியாது. ராத்திரிக்கு மட்டும் பஞ்சு வைத்த கையுறை போடலாம். இவ்வளவுக்கும் அப்புறம் பிடுங்கிவிட்டால் யூடியூப் பார்த்து நீங்களே திரும்பப் போட முயற்சி செய்யாதீர்கள். பாதி வெளியே வந்திருந்தால் உணவு எதுவும் கொடுக்காமல், பழகியவரைக் கூப்பிடுங்கள்.

உணவு கொடுப்பதற்குத் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்த வேண்டும், தலையணையைத் தலைக்கு மட்டும் வைத்தால் கழுத்துதான் மடியும், முதுகிலிருந்து சாய வேண்டும். முடிந்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும், டயப்பர் மாற்றுவதை எல்லாம் அதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். 50 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, 30 மில்லி தண்ணீர் விட்டு, உணவைத் தன் போக்கில் இறங்கவிடுங்கள். ஒரு வேளைக்கு 200, 250 மில்லி போதும், அதற்கு 15, 20 நிமிடம் ஆகும். அட்டெண்டர் அம்மாவுக்கு அடுத்த வேலை இருக்கும், பிஸ்டன் போட்டு இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுவார், அன்றைக்கு ராத்திரி வாந்தி உங்களுக்குத்தான். அவர் செய்வதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள், ஏஜென்சியில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்ற வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்ன கொடுப்பது என்று கேட்கவே இல்லை நீங்கள், ஆனால் கஞ்சி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். டியூபில் அடைக்கக் கூடாது என்று தண்ணீராகக் கரைத்த அரிசிக் கஞ்சி, வடிகட்டிய பருப்புத் தண்ணீர், இளநீர், இவற்றையே ஆறு வேளை கொடுத்து, இரண்டு மாதத்தில் எலும்பும் தோலுமாக ஆன பெரியவர்களை இந்த ஊரில் நிறையப் பார்க்கலாம். பொதுக்கணக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, 60 கிலோ மனிதருக்கு 1500 முதல் 1800. தண்ணீர்க் கஞ்சியில் அதில் பாதியைத் தொடுவதே கஷ்டம், புரதம் இன்னும் மோசம். பால், வறுத்து நைசாக அரைத்த பருப்பு மாவு, ஒத்துக்கொண்டால் வேகவைத்த முட்டை, ஒரு டீஸ்பூனுக்கு 45 கலோரி தருகிற எண்ணெய், இப்படிச் சேர்த்து டயட்டீசியனிடம் ஒரு அட்டவணை எழுதி வாங்குங்கள், சர்க்கரையும் கிட்னியும் பார்த்துத்தான் எழுத வேண்டும். எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து நைஸ் வடிகட்டியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். அக்னி நட்சத்திரத்தில் காலையில் செய்ததை மதியம்வரை மேடையில் மூடி வைப்பது பேதிக்கு நேர்வழி, வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலேயே பல நாள் சாப்பிடாமல் கிடந்தவர் என்றால் முதல் நாளே முழு அளவு கொடுக்கக் கூடாது, ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று சரிந்து இதயத்தைப் பாதிக்கும், படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

மாத்திரை. எல்லாவற்றையும் ஒன்றாகப் பொடித்துக் கஞ்சியில் கலப்பதுதான் டியூப் அடைப்புக்கு முதல் காரணம். தனித்தனியாகப் பொடித்து, தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து, நடுவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்எல், எக்ஸ்ஆர், சிஆர் என்று இருந்தால் அதைப் பொடிக்கவே கூடாது, ஒரு நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும், பிரஷர் மாத்திரையாக இருந்தால் ஆளையே சாய்த்துவிடும். மேலே பூச்சு போட்ட ஆஸ்பிரினும் பான்டோபிரசோலும் பொடிக்க ஏற்றவை இல்லை, டாக்டரிடம் சொன்னால் வேறு வடிவத்தில் மாற்றித் தருவார். வலிப்புக்கு ஃபெனிடோயின் இருந்தால் இன்னும் கவனம், அது உணவோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது, உணவுக்கு எவ்வளவு முன்பின் நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், குச்சி, கம்பி, கோலா எதுவும் வேண்டாம், வலுவாக அழுத்தினால் டியூப் உள்ளேயே கிழியும்.

வாய் வழியாகச் சாப்பிடவில்லையே, பல் எதற்குத் தேய்க்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். டியூப் போட்டதால் நிமோனியா வராது என்று நினைப்பதும் இதே கணக்குதான். எச்சில் முழுங்க முடியாதவருக்கு அந்த எச்சிலே நுரையீரலுக்கு இறங்கும், கிருமி நிறைந்த வாயிலிருந்து இறங்கினால் காய்ச்சலும் சளியும்தான். நாளுக்கு இரண்டு தடவை ஈரத் துணியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ, நிமிர்த்தி உட்காரவைத்து, தண்ணீர் தொண்டைக்குப் போகாமல் துடையுங்கள்.

மற்ற ஆபத்துகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போடும்போது மூக்கில் ரத்தம் வரலாம், பல நாள் ஒரே பக்கம் இருந்தால் சைனஸ் தொந்தரவு வரும், அதனால்தான் மாற்றும்போது அடுத்த மூக்குக்கு மாற்றுவார்கள். உணவுக்குழாயில் ஓட்டை விழுவது, நுரையீரலைக் குத்திக் காற்று கசிவது, இவை அபூர்வம், ஆனால் நடந்தவைதான். பைக் விபத்தில் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்தவருக்கு மூக்கு வழியாகப் போடவே கூடாது, டியூப் மூளைப் பக்கம் ஏறிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன, அவர்களுக்கு வாய் வழியாகத்தான். சாதாரண பிவிசி டியூபை ஒரு வாரம், பத்து நாளில் மாற்ற வேண்டும். மென்மையான பாலியூரித்தேன், சிலிகான் டியூப் மெல்லியதாக இருக்கும், விலை கூட, ஆனால் நாலு வாரம் வரை வைக்கலாம், மூக்கும் அவ்வளவாகப் புண்ணாகாது, வசதி இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெக் டியூப் பற்றியும் யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள், என்டோஸ்கோபி செய்து நேராக வயிற்றிலேயே போடுவது. நாலு வாரம் தாண்டியும் முழுங்க வரவில்லை, இன்னும் நாளாகும் என்றால் அது நல்லது, பிடுங்குவது குறையும். அவசரப்பட வேண்டாம். 2005ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்த ஆரம்பத்திலேயே பெக் போட்டவர்களுக்கு மூக்கு டியூப் போட்டவர்களைவிட நல்ல பலன் எதுவும் இல்லை, கொஞ்சம் மோசமாகவே இருந்தது. முற்றிய மறதி நோய் விஷயம் வேறு, அங்கே எந்த டியூபும் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கையால் ஊட்டுவதைத்தான் முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்கள் மாமா அந்த வகை இல்லை.

கஞ்சி போகும்போது மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற மீட்டர் 92க்குக் கீழே இறங்கினாலோ உடனே நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து 108க்குப் போன் செய்யுங்கள். காபித்தூள் நிறத்தில் நீர் வந்தாலும், மலம் தார் போலப் போனாலும், வயிறு கல்லாக உப்பினாலும் ஆஸ்பத்திரிதான்.

அப்புறம் அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது பிபி, சுகர் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் முழுங்கும் சோதனை எப்போது செய்வார் என்று நேராகக் கேளுங்கள், தேதி வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பல பேருக்கு முழுங்குவது எப்போதோ சரியாகியும், சோதனை செய்யச் சொல்லி யாரும் கேட்காததால் டியூப் மாதக்கணக்கில் மூக்கிலேயே கிடக்கிறது. டியூப் இருக்கும்போதே முழுங்கும் பயிற்சியை ஆரம்பிக்கலாம், அதற்காக எடுக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாத நிலை என்றால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள், அதில் பிசியோதெரபிக்கும் படுக்கை நோயாளிகளின் பராமரிப்புக்கும் வீட்டுக்கே ஆள் வருவார்கள். சோதனையில் தேறினாலும் முதலில் கெட்டியான கூழ் பதத்தில்தான் ஆரம்பிப்பார்கள், தண்ணீரும் காபியும் கடைசியில்தான், ஏனென்றால் மெல்லியதாக ஓடுகிற எதுவும்தான் தப்பான வழியில் சட்டென்று இறங்கும். மாமா காபி கேட்டு அடம் பிடிப்பார், அதற்கு இப்போதே தயாராக இருங்கள்.